கேமரன் மலையில் வேலைக்கு விலை வைத்த கதை

சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் சுற்றுலாக்காரர்களின் காதில் முதலில் விழுவது இயந்திரத்தின் உறுமல்தான். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இருவரும் பிடித்திருக்கும் இயந்திரத்தின் கத்தி செடியின் தலையைத் தடவியபடி ஓடுகிறது. வெட்டுப்பட்ட கொழுந்தை விசிறிக் காற்று பின்னால் தொங்கும் நீளமான பைக்குள் ஊதித் தள்ளுகிறது. பை கனத்துவிட்டால் அதைத் தூக்கிப் பிடிக்க மூன்றாவது ஆள் வேண்டும். இதே மலையில் இரண்டு தலைமுறைக்கு முன் இந்த வேலையைச் செய்தவர் நெற்றியில் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமந்த ஒரு தமிழ்ப் பெண். செடி அதேதான், மலையும் அதேதான். வேலை மட்டும் அடியோடு மாறிவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணுக்கும் இந்த மூவருக்கும் கூலி எதற்காகக் கொடுக்கப்படுகிறது? நாளுக்கா, கிலோவுக்கா, மணிக்கா, கைப்பழக்கத்துக்கா?

மனிதவள மேலாண்மைப் பாடநூல்கள் இந்தக் கேள்விக்கு வைத்திருக்கும் பெயர் பணிப் பகுப்பாய்வு. ஒரு வேலையில் என்ன செய்ய வேண்டும், எதைக் கொண்டு செய்ய வேண்டும், யாருக்குக் கீழே, எந்தச் சூழலில், என்ன தெரிந்திருந்தால் செய்ய முடியும் என்று பிரித்து எழுதுவது அது. ஆள் எடுப்பது, பழக்குவது, சம்பளம் வைப்பது, பதவி உயர்த்துவது எல்லாம் அந்தத் தாளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பார்கள். கேமரன் மலைத் தோட்டங்களுக்கு இந்தச் சொல் வெகு பின்னால்தான் வந்து சேர்ந்தது. ஆனால் வேலையைப் பெயரிட்டுப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விலை எழுதும் வழக்கம் முதல் செடி ஊன்றியபோதே வந்துவிட்டது. அந்த விலைப்பட்டியலை எழுதியவர்கள் வேலையைவிட ஆளைத்தான் உற்றுப் பார்த்தார்கள் என்பதே இங்கே கதை.

1885-ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையர் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு குறித்துவிட்டுப் போனார். பிறகு நாற்பது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1925-ல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் ஏறி வந்து பார்த்த பிறகுதான் மலைவாசத்தலம், சோதனைப் பண்ணை என்று பேச்சு சூடு பிடித்தது. பேராக்கின் தாப்பாவிலிருந்து சாலை வெட்டினார்கள். மலை பகாங்கைச் சேர்ந்தது. ஏறும் வழியோ பேராக்கிலிருந்து. 1929-ல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் இங்கே தேயிலைக்கு நிலம் வாங்கி 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். ரப்பர், ஈயம், பத்து ஆராங் நிலக்கரி என்று பல தொழில்களில் கை வைத்தவர் அவர். தேயிலை தெரிந்த கையாக ஏ. பி. மில்ன் கூட வந்தார். இலங்கைத் தோட்டங்களில் பழகியவர். காட்டை அழித்த கதையைச் சொல்லும்போது கூலியாட்கள், ஒன்றிரண்டு கோவேறு கழுதைகள், ஒரே ஒரு நீராவி உருளை, இவ்வளவுதான் கையிருப்பு என்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். கூலியாட்களையும் கழுதைகளையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கிவிடும் பழக்கம் தோட்ட வரலாறுகளில் புதிதல்ல.

மில்ன் வந்த திசை முக்கியமானது. இலங்கையில் அதற்குள் அறுபது ஆண்டுகளாகத் தேயிலை வளர்ந்து, எந்த வேலைக்கு யார், யாருக்கு மேல் யார் என்ற ஒழுங்கு கல்லில் செதுக்கியதுபோல் நிலைத்திருந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் ஏறக்குறைய அதே ஏணிதான். உச்சியில் பெரிய துரை, அடுத்து சின்ன துரை. இருவரும் வெள்ளையர்கள். அவர்களுக்குக் கீழே கணக்கும் கட்டுப்பாடும் பார்க்கும் கிராணி. அந்த இடத்தில் பெரும்பாலும் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் இருந்தார்கள். மருந்து கொடுக்க டிரெசர். பிறகு ஆட்களை மேய்க்கும் கங்காணி, மண்டோர். கடைசியில் லயத்தில் குடியிருக்கும் ஆண்களும் பெண்களும். பெற்றோர் மலைக்குப் போனதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகையில் ஒரு கிழவி. ஏணியில் ஏற வழி ஏறக்குறைய இல்லை. கொழுந்து பறிக்கும் பெண் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் கிராணியாக முடியாது. அந்த இடத்துக்குத் தேவையான தகுதியில் பிறப்பும் ஆங்கிலமும் கலந்திருந்தன.

விடியுமுன் பெரட்டு. ஆட்கள் வரிசையில் நிற்க, பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு எந்த மலை, என்ன வேலை என்று பிரித்துவிடுவார்கள். புல் வெட்டு, கவாத்து, உரம் போடுதல், கொழுந்து, தொழிற்சாலை. அந்தப் பிரிவு செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் ஏறும். இலங்கைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலையைக் கணக்கிட்ட அலகே 'பேர்'தான். குறித்த அளவு கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். மேலே எடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு. இந்த செக்ரோலைப் பணி விவரப் புத்தகத்தின் தாத்தா எனலாம். ஒரே குறை, அதில் வேலையின் பெயரும் ஆளின் பெயரும் இருக்கும். வேலை எப்படிச் செய்யப்பட்டது என்பதற்குக் கட்டமே கிடையாது.

கங்காணியின் சம்பளத்தைப் பார்த்தால் தோட்டம் எதை மதித்தது என்பது பளிச்சென்று புரியும். அவர் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு கிராமங்களுக்குத் திரும்பிப்போய், தம் சாதி சனத்தையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்து, நாகப்பட்டினம் அல்லது ஆவடி முகாம் வழியாகக் கப்பலேற்றி அழைத்து வருவார். அதற்குக் கமிஷன். பிறகு, அவர் அழைத்து வந்தவர்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்களோ, தலைக்கு இரண்டு சென்ட் என்ற கணக்கில் தலைக்காசு. கொழுந்து நன்றாக இருந்ததா, செடி அடிபட்டதா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. காய்ச்சல்காரனையும் இழுத்துக்கொண்டு வந்து பெரட்டில் நிறுத்துவதற்குக் கங்காணிக்குக் காரணம் இருந்தது. ஒரு வேலைக்கு எதை அளந்து கூலி கொடுக்கிறோமோ அந்த வேலை அதுவாகவே மாறிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆள் எடுப்பில் தகுதி என்று ஒன்று பார்க்கப்பட்டதா? பார்க்கப்பட்டது: உடல். முகாமில் மருத்துவர் பார்ப்பார், கப்பலிலிருந்து இறங்கியதும் தனிமை முகாமில் மறுபடி பார்ப்பார்கள். உறவுமுறையும் ஒரு தகுதிதான். சொந்தக்காரர்கள் கூட்டமாக இருந்தால் ஓடிப்போக மாட்டார்கள் என்பது துரைமார் கணக்கு. 1926-ல் மட்டும் 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து மலாயாவில் வந்து இறங்கினார்கள்.

கேமரன் மலையின் தோட்டங்கள் இந்தப் பெருவெள்ளம் வடியத் தொடங்கிய நேரத்தில் பிறந்தவை. ரஸ்ஸல் நிலம் வாங்கிய ஆண்டில்தான் உலகச் சந்தை சரிந்தது. 1930-ல் ஆள் எடுப்பு நின்றது. அடுத்த மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 1 லட்சத்து 90 ஆயிரம் பேரைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1934-ல் மீண்டும் கொஞ்சம் திறந்த கதவை 1938-ல் இந்திய அரசே உதவிக் குடியேற்றத்துக்குத் தடை போட்டு மூடியது. முந்தைய ஆண்டுகளில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையைப் பார்த்து அறிக்கை கொடுத்திருந்தார்.

கூலி எப்படி முடிவாயிற்று என்பதுதான் இதில் சுவையான பகுதி. 1920-களில் மலாயாவில் 'நிலையான கூலி' என்ற ஏற்பாடு வந்தது. அதிகாரிகளும் தோட்டத்துரைமாரும் உட்கார்ந்து ஒரு கூலிக்காரரின் மாதச் செலவைப் பட்டியல் போட்டார்கள்: அரிசி இவ்வளவு, பருப்பு, உப்புப்புளி மிளகாய் இவ்வளவு, வேட்டி சேலை, தீபாவளிச் செலவு. கூட்டிப் பார்த்து நாளுக்கு இவ்வளவு என்றார்கள். ரயிலுக்குப் பக்கத்தில் இருந்த தோட்டங்களில் ஆணுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40. பண்டங்கள் போய்ச் சேரச் செலவு கூடிய பகாங்கின் உட்பகுதிகளில் ஆணுக்கு 58, பெண்ணுக்கு 46. பிறகு மந்தம் வந்ததும் 1930-ல் 50 என்பது 40 ஆனது, 40 என்பது 32 ஆனது.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பால்மரம் சீவினாலும் புல் வெட்டினாலும் கூலி ஒன்றுதான். அரிசி விலை ஏறினால் கூலி ஏறும், சந்தை படுத்தால் இறங்கும். பெண்ணுக்கு எப்போதும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. ஏன் ஐந்தில் நான்கு? அவள் குறைவாகச் சாப்பிடுவாள் என்ற எண்ணம் போலும்! வேலை என்ன, அதற்கு என்ன கைத்திறன் வேண்டும் என்ற கேள்வி எந்த இடத்திலும் எழவில்லை. விலை வைக்கப்பட்டது வயிற்றுக்கு, அதுவும் ஒரே ஒரு வயிற்றுக்கு.

அதற்கு முன்பிருந்தே உலகின் வேறொரு மூலையில் வேறொரு கணக்கும் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் 1899-ல் பிரெடரிக் டெய்லர் இரும்புக் கட்டி சுமப்பவர்களின் அசைவுகளை நிறுத்துக் கடிகாரம் வைத்து அளந்தார். ஒரு நாளுக்கு 12½ டன் சுமந்த இடத்தில் 47½ டன் சுமக்க முடியும் என்று காட்டியதாக 1911-ல் வெளிவந்த நூலில் பெருமையாக எழுதினார். அவர் முறையில் கொடுமை இல்லாமல் இல்லை. ஆனால் வேலையை வேலையாகப் பார்த்தார். 1939-ல் அமெரிக்க அரசு சுமார் 17,500 தொழில்களுக்கு விளக்கம் எழுதிய அகராதியே போட்டது. கேமரன் மலையில் அந்த ஆண்டிலும் பெரட்டில் பெயர்தான் கூப்பிட்டார்கள்.

எழுதப்படாமல் போனது என்ன என்று ஒரு வேலையை எடுத்துப் பார்க்கலாம். கொழுந்து பறிப்பதைப் பலர் சின்ன வேலை என்று நினைக்கிறார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஒடிய வேண்டும். நகத்தால் கிள்ளினால் காம்பு நசுங்கிக் கருத்துப்போகும். வளர்ச்சி நின்றுபோன தளிரை அடையாளம் கண்டு ஒடித்து எறிய வேண்டும். விட்டுவைத்தால் அடுத்த சுற்றில் செடி தூங்கும். செடியின் மேல்மட்டம் மேசைபோல் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டக்கம்பைக் குறுக்கே வைத்துப் பார்த்துப் பறிப்பார்கள். கையில் சேர்ந்த கொழுந்தை இறுக்கிப் பிடித்தால் சூடேறிச் சிவக்கும், ஆகவே கை நிறையுமுன் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசிக் கூடையில் சேர்க்க வேண்டும். இத்தனையும் கால் வழுக்கும் சரிவில், மூடுபனியில், இரண்டு கையும் ஒரே வேகத்தில் ஓட. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும் என்றால் இந்த விரல் அசைவு ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முறை நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். இந்த வேலையைத்தான் 'பெண்கள் வேலை' என்ற தலைப்பில் ஐந்தில் நான்கு பங்குக் கூலியில் வைத்தார்கள்.

தொழிற்சாலைக்குள் நிலைமை வேறு. வாட்டி, உருட்டி, நொதிக்க விட்டு, உலர்த்தி, சலிக்கும் வரிசையில் டீமேக்கர் என்பவருக்குத் தனி மதிப்பு. பரப்பி வைத்த இலை பச்சை வாடை போய் ஆப்பிள் போன்ற மணம் வரும் நேரத்தை மூக்கால் பிடித்து, இப்போது உலையில் போடு என்று சொல்லத் தெரிந்தவர். பத்து நிமிடம் தவறினால் அன்றைய தேயிலை வெறும் சாயத்தண்ணீர். அவர் மூக்குக்குச் சம்பளம் உண்டு, கௌரவம் உண்டு, தனிக் குடியிருப்பு உண்டு. பறிப்பவரின் விரலுக்கு அது கிடைக்காததற்கு விரல் குறைந்தது என்பது காரணமல்ல.

வேலையின் எழுதப்படாத இன்னொரு பாதியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது கேமரன் மலை அல்ல, சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரம். 1941-ல் அங்கே ரப்பர் தோட்டத் தமிழர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆர். எச். நாதன் அவர்களின் முன்னணியில் நின்றார். கூலி உயர்வு கேட்டார்கள், கொடுமைக்காரக் கிராணிகளை மாற்றச் சொன்னார்கள், பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். கூடவே ஒன்று: துரையையோ கிராணியையோ பார்த்ததும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். செக்ரோலில் எங்கேயும் இல்லாத, ஆனால் செய்யாவிட்டால் வேலை போய்விடக்கூடிய ஒரு 'கடமை' இது. பட்டாளம் வந்து வேலைநிறுத்தத்தை ஒடுக்கியது. அந்த ஆண்டின் கடைசியில் ஜப்பானியர் வந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

போருக்குப் பின் வேலையைப் பிரித்து எழுதும் உரிமை முதன்முறையாக மேசைக்கு வந்தது. 1954-ல் பி. பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. கிராணி, டிரெசர் போன்றவர்களுக்குத் தோட்டப் பணியாளர் சங்கம் தனியாக இருந்தது. பழைய ஏணியின் நிழல் சங்கங்களிலும் விழுந்தது என்று சொல்ல வேண்டும். ஆனாலும் தோட்ட முதலாளிகள் சங்கத்தோடு பேசிப் போட்ட கூட்டு ஒப்பந்தங்கள் புது மாதிரியானவை. எந்த வேலைக்கு என்ன அளவு, மேற்கொண்டு செய்தால் என்ன, மழை வந்தால் என்ன என்று பத்தி பத்தியாக எழுதினார்கள். மேலாண்மை நூல்களில் நிபுணர் ஒருவர் தாளும் பென்சிலுமாக நின்று செய்யும் ஆய்வை இங்கே இரண்டு தரப்பு சண்டை போட்டுச் செய்தது. தினக்கூலி ஒழிந்து மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் தலைமுறை தாண்டி இழுத்தது.

அதற்குள் மலையில் ஆள் குறைந்துகொண்டே போனது. போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி தோட்டங்களின் தமிழ்ப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி வைக்க வேண்டும் என்ற 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் விளைவுகளில் இதுவும் ஒன்று. விரலுக்குப் பதில் பை கட்டிய கத்தரி வந்தது, பிறகு இருவர் பிடிக்கும் இயந்திரம். கத்தியால் வெட்டுவதற்குச் செடி அடர்ந்து சமமாக வளர வேண்டும், சுற்றும் சில வாரங்களுக்கு ஒருமுறை என்று தள்ளிப்போனது. இயந்திரத்தைச் சரிவில் தூக்கிக்கொண்டு நடக்க உடல் வலு வேண்டும் என்பதால் 'பெண்கள் வேலை' சத்தமில்லாமல் ஆண்கள் வேலையானது. அதைச் செய்ய வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தேர்ந்த விரலைவிட வலுத்த தோளுக்கு மதிப்புக் கூடியது. இன்று போ நிறுவனம் நான்கு தோட்டங்களில் சுமார் 1,200 ஹெக்டேரில் ஆண்டுக்கு 40 லட்சம் கிலோ தேயிலை தயாரிக்கிறது. மலேசியத் தேயிலையில் பெரும்பங்கு அதுவே.

இயந்திரம் ஏறாத மலைகளில் பழைய சண்டை இன்னும் தொடர்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுத் தாங்களே 'பெண்கள் ஒற்றுமை' என்று கூடிச் சாலையை மறித்தபோது நாள்கூலி 232 ரூபாய். பேச்சுவார்த்தையின் முடிவில் 301 ஆனது. பறிக்க வேண்டிய எடையும் 21 கிலோவிலிருந்து 25 ஆனது. கூலியை ஏற்றியவர்கள் அதே கையோடு வேலையையும் ஏற்றிவிட்டார்கள். இலங்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி 1984-ல் வந்தது. ஆனால் ஒரு முழுப் பேருக்கு எத்தனை கிலோ என்ற வாக்குவாதம் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் தலை தூக்குகிறது.

மலேசியா 2013-ல் குறைந்தபட்சச் சம்பளம் கொண்டுவந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட், மணிக்கு 4 ரிங்கிட் 33 சென். 2022-ல் 1,500 ஆகி, 2025-ல் 1,700 ஆகியிருக்கிறது; மணிக்கு 8 ரிங்கிட் 72 சென். கிலோக் கணக்கில் கூலி வாங்குபவருக்கும் இதற்குக் கீழே போகக் கூடாது. வயிற்றுக் கணக்கில் தொடங்கி, எடைக் கணக்கில் நடந்து, இப்போது மணிக் கணக்குக்கு வந்திருக்கிறது கூலி. மணி என்று வந்ததும் புதுக் கேள்விகள் பிறக்கின்றன. லயத்திலிருந்து மலைக்கு ஏறி நடக்கும் நேரம் வேலையா? கத்தியைத் தீட்டும் நேரம்? மழைக்கு ஒதுங்கி நிற்கும் நேரம்?

இந்தக் கேள்விகளைத் தொழிலாளியிடமே கேட்க ஒரு முறை இருக்கிறது. மலேசியாவில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொழில்திறன் துறை எழுதும் தேசியத் தொழில்திறன் தரங்கள் பணிப் பகுப்பாய்விலிருந்தே பிறக்கின்றன. அதற்குப் பயன்படும் முறை 1960-களின் கடைசியில் கனடாவில் உருவானது. அந்த வேலையைத் தினம் செய்து தேர்ந்தவர்கள் சிலரை ஓர் அறையில் உட்கார வைத்து, நீங்கள் காலையில் வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள், அடுத்து என்ன என்று கேட்டு, ஒவ்வொன்றையும் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். வேலையை எழுதத் தகுதியானவர் அதைச் செய்பவர்தான் என்பது இதன் அடிப்படை. கூடை சுமந்த பெண்களை அப்படி ஓர் அறைக்கு அழைத்திருந்தால் மட்டக்கம்பிலிருந்து தொடங்கியிருப்பார்கள். இன்று இயந்திரம் பிடிப்பவரின் அனுமதிச்சீட்டில் துறை 'தோட்டம்' என்று இருக்கிறது, முதலாளியின் பெயர் இருக்கிறது, காலாவதி தேதி இருக்கிறது.